கல்லூரிப் பணியா, தனியார் மருத்துவமனையா? ஒரு இளம் இரைப்பை குடல் மருத்துவருக்குப் பதில்

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர், இரைப்பை குடல் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சியின் கடைசி வருஷத்தில் இருக்கிறேன். வயது 34. கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. எண்டோஸ்கோபியில் கை நன்றாக வந்துவிட்டது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வரச் சொல்லி ஒரு தனியார் மருத்துவமனை நல்ல சம்பளத்தில் கூப்பிடுகிறது. எங்கள் சார் ஒருவர், மருத்துவக் கல்லூரியில் தன்னுடைய கல்லீரல் பிரிவில் உதவிப் பேராசிரியராகச் சேரச் சொல்கிறார். இதுவரை நான் எழுதியது ஒரே ஒரு கேஸ் ரிப்போர்ட். இன்றைக்கு ஆராய்ச்சி என்றால் குடல் நுண்ணுயிர்கள், இல்லாவிட்டால் செயற்கை நுண்ணறிவு, மற்றதெல்லாம் பழசு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு இரண்டிலும் பெரிய ஈர்ப்பு இல்லை. பல டியூட்டிகள் அலுத்துவிட்டன. கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகள் ரத்த வாந்தி எடுத்துக்கொண்டு வரும் இரவுகள் மட்டும் அலுப்பதே இல்லை. கல்லூரிப் பக்கம் போனால் கைத்திறமை வீணாகுமா? ஆராய்ச்சிக்கு எந்தத் துறையை எடுப்பது? இந்த வயதில் தொடங்குவது தாமதமா?

பதில்: அன்புள்ள டாக்டருக்கு,

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. ஆனால் அவற்றுக்கு முன்னால், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அந்த ரத்த வாந்தி இரவுகள் அலுப்பதில்லை என்று. உங்கள் ஆராய்ச்சித் துறை அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்தத் தொழிலில் ஆராய்ச்சி செய்கிறவர் ஒரு கேள்வியோடு பத்து, பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்த வேண்டும். அத்தனை வருஷமும் அதே வகை நோயாளிகள்தான் ஓ.பி.யில் வருவார்கள், வார்டில் படுத்திருப்பார்கள், நடு இரவில் போன் வரவைப்பார்கள். நாகரிகத்தைப் பார்த்துத் தலைப்பைப் பிடித்தவர்கள் மூன்றாம் வருஷமே களைத்துப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரைப் பார்த்து அலுக்கவில்லையோ அவர்களிடமிருந்து தொடங்கியவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். வருஷக்கணக்கில் குடல் அழற்சி தரும் கிரோன்ஸ் நோயில் பெயர் வாங்கியவர்களைக் கவனியுங்கள். பள்ளி வயதில் வந்த பையனைக் கல்யாணம், குழந்தை வரைக்கும் கூடவே நின்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு இருக்கும். ஸ்கேனிலும் ஸ்கோப்பிலும் எதுவும் தெரியாத வயிற்று வலிக்காரரை உட்காரவைத்து அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்தான், குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராய நல்ல ஆள். கணையப் புற்றுநோயை ஆராய்கிறவருக்குக் கெட்ட செய்தி சொல்லும் மனத்திடம் வேண்டும். உங்களுக்கு அவசரமும் ரத்தமும் பழகியிருக்கிறது. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சி உண்மையாகவே சில நோயாளிகளின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்குக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த திரவத்தை சிறுகுடலுக்குள் செலுத்திப் பார்த்த டச்சு ஆய்வு 2013-ல் வெளிவந்தது. முதல் தடவையிலேயே 16 பேரில் 13 பேருக்குக் குணமானது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கிய குழுவில் 13 பேரில் 4 பேருக்குத்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதே வைத்தியத்தை வேறு பல குடல் நோய்களுக்கு முயன்றபோது பலன் இவ்வளவு தெளிவாக வரவில்லை. ஒரு குறிப்பிட்ட நோயில் ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. இந்தத் துறையே எதிர்காலம் என்று ஓடியவர்களில் பலரிடம் இன்று நிறைய டேட்டா இருக்கிறது, கேள்விதான் இல்லை.

செயற்கை நுண்ணறிவுக்கும் அப்படித்தான். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யும்போது, குடல் சுவரில் முளைக்கும் பாலிப்பைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருள் வந்துவிட்டது. 2020-ல் வந்த இத்தாலிய ஆய்வில், புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்பான அடினோமா கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் விகிதம் 40.4 சதவீதத்திலிருந்து 54.8 ஆக உயர்ந்தது. அப்புறம் 2025-ல் போலந்திலிருந்து வேறொரு கேள்வி வந்தது: இதற்குப் பழகிய மருத்துவர் இது இல்லாமல் செய்யும்போது என்ன ஆகிறது? அந்த மையங்களில் மென்பொருள் உதவி இல்லாமல் செய்த சோதனைகளில், அது அறிமுகமாவதற்கு முன்பு 28.4 சதவீதமாக இருந்த விகிதம், அறிமுகமான பிறகு 22.4 ஆக இருந்தது. காரணம் இதுதான் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி அருமையானது. தினமும் ஸ்கோப் பிடிக்கிறவர்களுக்குத்தான் அது தோன்றும்.

கைத்திறமை வீணாகுமா என்று கேட்டீர்களே, அதற்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. பெருங்குடலின் கடைசி வரை போய் சீக்கம் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கும் பயிற்சி மருத்துவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திரும்பி வரும்போதுதான் வேலையே தொடங்குகிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் முனையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தேங்கிய நீரை உறிஞ்ச வேண்டும். வலது பக்கத்தில், சவ்வின் நிறத்திலேயே தட்டையாகப் படிந்து, மேலே மஞ்சளாகச் சளிப்போர்வை போர்த்திக்கொண்டிருக்கும் பாலிப்பை நீரடித்துக் கழுவினால்தான் அதன் விளிம்பு தெரியும். வெளியே வர ஆறு நிமிஷமாவது ஆக வேண்டும் என்பது பழைய கணக்கு. இந்தப் பொறுமைக்கு மதிப்பு எவ்வளவு என்பதை 2014-ல் கோர்லி குழுவினர் அளந்தார்கள். ஒரு மருத்துவரின் அடினோமா கண்டுபிடிப்பு விகிதம் ஒரு சதவீதம் கூடினால், அவரிடம் சோதனை செய்துகொண்டவர்களுக்குப் பின்னால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 3 சதவீதம் குறைகிறது. ஆக, கை நன்றாக இருப்பதே ஒரு ஆராய்ச்சிப் பொருள். உணவுக்குழாயின் கீழ்த்தசை தளராத அகலேசியா நோய்க்கு வாய் வழியாகவே உள்ளே போய்த் தசையை வெட்டும் முறையை ஜப்பானில் இனோவே 2008-ல் முதன்முதலில் மனிதருக்குச் செய்தார். அதுவும் கையும் கேள்வியும் ஒருவரிடமே இருந்ததால் வந்ததுதான்.

சரி, உங்கள் ரத்த வாந்தி இரவுகளுக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறை பழசு என்று உங்களிடம் சொன்னவர்கள் அதைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

சிரோசிஸில் கல்லீரல் இறுகிப்போய், குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தத்துக்கு வழிவிடுவதில்லை. அழுத்தம் ஏறுகிறது. உணவுக்குழாயின் சுவரில் ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன, ஒரு நாள் வெடிக்கின்றன. பாரிஸை ஒட்டிய கிளிஷியில் வேலை பார்த்த லெப்ரெக், இதயத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த புரோபிரனோலால் மாத்திரை இந்த அழுத்தத்தைக் குறைத்து மறு கசிவைத் தடுக்குமா என்று கேட்டார். தடுக்கும் என்று அவர் குழு 1981-ல் காட்டியது. புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. கடையில் கிடைத்த மாத்திரையை எடுத்து ஒரு புதுக் கேள்வி கேட்டார். அந்தக் குடும்பத்து மருந்துகளைத்தான் இன்றும் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது பார்சிலோனா. ரத்த வாந்தியோடு வருகிறவருக்கு எவ்வளவு ரத்தம் ஏற்றுவது? நம் எல்லாருக்கும் பதைப்பில் கை நீளும், இன்னொரு பாட்டில் போடலாம் என்று. வில்லனுவேவா குழுவினர் 921 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம், இன்னொரு குழுவுக்கு 9-க்குக் கீழே போனாலே ரத்தம். ஆறு வாரம் கழித்து, குறைவாக ஏற்றிய குழுவில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், தாராளமாக ஏற்றிய குழுவில் 91. மறு கசிவும் குறைவு, தாராளமாக ஏற்றிய குழுவில் 16 சதவீதம், இதில் 10. சிரோசிஸ்காரர்களில் சிலருக்கு போர்ட்டல் அழுத்தத்தை அளந்து பார்த்ததில், தாராளமாக ஏற்றியவர்களிடம் அது கூடியிருந்தது. ஏற்றிய ரத்தமே கசிவைத் தூண்டியிருக்கலாம். 2013-ல் இது வந்தபோது எத்தனையோ வார்டுகளில் பழக்கம் மாறியது. இதற்கு வேண்டியிருந்தது பல வருஷப் பொறுமையும், நடு இரவில் கலங்கி நிற்கும் குடும்பத்தாரிடம் ஆய்வைப் புரியவைத்துச் சம்மதம் வாங்கத் தெரிந்த டியூட்டி மருத்துவர்களும்தான். அந்த ஆய்வு முடிக்காமல் விட்ட இடமும் இருக்கிறது. கல்லீரல் பாதிப்பை அளக்கும் சைல்டு மதிப்பெண்ணில் ஏ, பி, அதாவது கல்லீரல் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்த நோயாளிகளுக்குப் பலன் தெளிவாக இருந்தது. மிக மோசமான சைல்டு சி நோயாளிகளிடம் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் இரவுகளில் அதிகம் வருவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் சொல்கிறேன். எண்டோஸ்கோபியை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நாம் நம்பினோம். இரைப்பை குடல் நிபுணரைக் கூப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் செய்வதையும், ஆறிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் செய்வதையும் ஹாங்காங்கில் 516 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஆபத்து அதிகமுள்ள நோயாளிகள்தான், ஆனால் முதல் சிகிச்சைக்குப் பிறகும் ரத்த அழுத்தம் நிலைக்கு வராதவர்களைச் சேர்க்கவில்லை. 30 நாளில் இறந்தவர்கள் அவசரக் குழுவில் 8.9 சதவீதம், காத்திருந்த குழுவில் 6.6. அவசரப்பட்டதால் நன்மை எதுவும் இல்லை. அது வெளிவந்த அதே வருஷம், 2020-ல், ஹால்ட்-ஐடி ஆய்வும் வந்தது. விபத்துக் காயங்களில் ரத்தக் கசிவுக்கு உதவிய டிரனெக்ஸாமிக் ஆசிடைக் குடல் ரத்தக் கசிவிலும் கொடுத்துப் பார்த்தார்கள், 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம். சாவு குறையவில்லை, சிரைகளில் ரத்தம் உறைவதுதான் கூடியது. இவற்றைத் தோற்ற ஆய்வுகள் என்று ஒரு போதும் சொல்லாதீர்கள். எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்வதால் பிழைக்கிற நோயாளிகள் நிறைய. கல்லூரி வேலையில் என்னை இன்னும் பிடித்து வைத்திருப்பது இந்த வகை ஆய்வுகள்தான்.

போர்ட்டல் அழுத்தத்தைப் பற்றி வேலை செய்கிறவர்கள் இத்தாலியில் பவேனோ என்ற ஏரிக்கரை ஊரின் பெயரால் 1990 முதல் கூடி, எது நிரூபணமானது, எது ஆகவில்லை என்று வரையறுத்து எழுதி வருகிறார்கள். 2021-ல் நடந்தது ஏழாவது கூட்டம். அந்த அறிக்கையில் இன்னும் என்னென்ன ஆராய வேண்டும் என்ற பட்டியலும் வரும். அதை வாங்கிப் பாருங்கள். கேள்விப் பஞ்சம் இல்லை என்பது புரியும்.

கல்லூரி மருத்துவரின் வாரம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஓ.பி., ரவுண்ட்ஸ், எண்டோஸ்கோபி நாள், மாணவர் வகுப்பு, தேர்வு, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம், நிதிக்கு விண்ணப்பம், ஜர்னல்களுக்குப் பிறர் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது, இதெல்லாம் போக மிச்சத்தில் உங்கள் ஆய்வு. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் பாதி நாள் ஆய்வகத்தில் இருப்பார்கள். சிலருக்கு மருந்து ஆய்வுகளை நடத்துவதே வேலை. சிலர் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள். கற்பிப்பதையே தொழிலாக எடுத்து, எண்டோஸ்கோபியை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று ஆராய்கிறவர்களும் உண்டு. இவர்களை இரண்டாம் தரமாகப் பேசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. உங்களுக்குப் பொருந்துவது நோயாளி ஓரத்து ஆய்வு. பிப்பெட்டைத் தொடாமலே அதில் முழு வாழ்க்கை வாழலாம்.

வயதைப் பற்றி ஒரே வார்த்தை: தாமதமில்லை. ஒரே ஒரு கேஸ் ரிப்போர்ட் என்று கூச்சப்படவும் வேண்டாம். பாரி மார்ஷல் 1981-ல் பெர்த்தில் பயிற்சி மருத்துவராக ஒரு ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டுதான் ராபின் வாரனிடம் போனார். வாரன் நோய்க்குறியியல் நிபுணர். பிற்பாடு இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று தெரியவந்த வளைந்த கிருமிகளை இரைப்பைத் துண்டுகளில் 1979-லிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், ஆனால் அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்துப் பார்த்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்தைய வேலையை. எண்டோஸ்கோபிக்கு வந்த 100 நோயாளிகளிடம் வரிசையாக, ஒரே முறையில் துண்டு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்து, யாருக்குப் புண், யாருக்குக் கிருமி என்று எழுதி வைத்தார்கள். 1984-ல் லான்செட்டில் வந்தது அந்த நூறு பேரின் கணக்கு. 2005-ல் நோபல் பரிசு. நோபலை விட்டுவிடுங்கள். வரிசையாக நூறு பேரைப் பிசகாமல் பதிவு செய்வது உங்களாலும் முடியும்.

எங்கே தொடங்குவது? ரத்தக் கசிவுக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள். நோயாளி வந்த நேரம், முதல் ஆன்டிபயாடிக் போட்ட நேரம், ஸ்கோப் போட்ட நேரம், வந்தபோது ஹீமோகுளோபின், ஏற்றிய ரத்தம் எத்தனை யூனிட், சைல்டு மதிப்பெண், புடைத்த ரத்தக்குழாய்க்கு பேண்ட் (ரப்பர் வளையம்) போட்டீர்களா, ஐந்து நாளுக்குள் மறுபடி கசிந்ததா, ஆறு வாரத்தில் உயிரோடு இருக்கிறாரா. இவ்வளவு போதும். மறு கசிவு என்றால் எது என்று முதல் நோயாளிக்கு முன்பே எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ஆறாம் வாரம் போன் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், ஏனென்றால் பதிவேடுகள் பாழாவது அந்த இடத்தில்தான். நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகே முதல் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஆய்வு முறையும் புள்ளியியலும் முறையாகப் படித்துவிடுங்கள். ஒரு வருஷப் படிப்போ, மாலை வகுப்போ, எதுவானாலும் சரி. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஜர்னல்கள் உங்கள் ஈமெயிலைத் தேடி வரும். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை வேண்டும் என்று யாராவது தள்ளுவார்கள். அங்கே போகாதீர்கள்.

இப்போது சம்பளம். தனியார் தருவதைக் கல்லூரி தராது. குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அதைக் கணவரோடு உட்கார்ந்து வெளிப்படையாகக் கணக்குப் போடுங்கள். ஆராய்ச்சி ஒரு தவம், பணத்தைப் பார்க்காதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடன் அழுத்திக்கொண்டிருக்கும்போது இரவு டியூட்டிக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுவது யாராலும் ஆகாது. தனியாரில் சேர்ந்தாலும் ஆராய்ச்சிக் கதவு சாத்திவிடாது. அங்கேயும் ரத்த வாந்தி வரும், பதிவேடு வைக்கலாம், கல்லூரியோடு சேர்ந்து பல மைய ஆய்வில் நோயாளிகளைச் சேர்க்கலாம். ஆனால் அதற்கென்று நேரம் ஒதுக்கித் தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

நேரம்தான் கல்லூரியிலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் சாரிடம் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓ.பி.யும் ஸ்கோப்பும் இல்லாமல் என்னுடையதாக இருக்கும்? புள்ளியியல் நிபுணர் இருக்கிறாரா? நான் சேர்க்கும் டேட்டாவிலிருந்து எழுதும் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? பேச்சில் சொல்வதை எழுத்திலும் வாங்குங்கள். அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்களைத் தனியாகப் பிடித்து, அவர்கள் இன்று தங்கள் பெயரில், தங்கள் கேள்வியோடு நிற்கிறார்களா என்று விசாரியுங்கள். நல்ல வழிகாட்டியை அவர் எழுதிய பேப்பர்களை வைத்து எடைபோடாதீர்கள், அவரிடமிருந்து கிளம்பிப் போனவர்களை வைத்து எடைபோடுங்கள். அவர் பிரிவிலும் வேறு கேள்விகள் இருக்கும், கொழுப்புக் கல்லீரல், ஹெபடைடிஸ் என்று. அவற்றில் கொஞ்சம் கைகொடுப்பது நியாயம். ஆனால் உங்கள் ரத்தக் கசிவுக் கேள்வியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேண்ட் போடுகிற கையும் அங்கேதான் வேண்டும், கல்லீரல் அறிவும் அங்கேதான் வேண்டும்.

அவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பதிவேட்டின் வரைவை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இந்தக் கேள்வி எனக்கு வேண்டும், இதற்கு வாரத்தில் இவ்வளவு நேரம் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அவர் பேனாவை எடுத்து உங்கள் வரிகளைத் திருத்த ஆரம்பித்தால் சேர்ந்துவிடுங்கள். முதலில் சேருங்கள், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், தனியாருக்குச் சரி சொல்லிவிட்டு, பதிவேட்டை அங்கேயே தொடங்குங்கள்.